ஒளிவிழாவுக்கு நான் செய்த விரல் சாப்பாடு

தெமோதரைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் ஆரம்ப வகுப்பு டீச்சர். வீடு பதுளை டவுனில். காலையில் ஒரு பஸ், இறங்கியதும் இருபது நிமிஷ ஏற்றம். இருபத்திரண்டு வருஷமாக ஏறுகிறேன். மூச்சு வாங்காமல் போய்ச் சேர்ந்த நாள் ஒன்றுகூடக் கிடையாது. எதையும் லேசாகச் செய்து முடிக்கிற சாமர்த்தியம் எனக்கு இல்லை. இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிட்டால் மிச்சத்தைச் சொல்வது கொஞ்சம் சுலபம்.

வருஷக் கடைசியில், மூன்றாம் தவணை முடிகிற சமயத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒளிவிழா வைப்போம். நத்தார் விழாதான், கிறிஸ்மஸ். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் மாரியம்மன் கோயில் பிள்ளைகள். ஆனாலும் நத்தார் பாட்டுப் பாடுவதற்கும் பஞ்சுத் தாடி ஒட்டிக்கொள்வதற்கும் அடிபிடிப்படுவார்கள். விழா முடிந்ததும் எல்லோருக்கும் பகல் சாப்பாடு. அம்மாமாரில் நாலைந்து பேர் காலையிலேயே வந்து பெரிய கிடாரத்தில் சோறாக்கி, பருப்பும் பூசணிக்காயும் சமைத்து, அப்பளம் பொரித்துப் போடுவார்கள். வருஷா வருஷம் இதுதான் வழக்கம்.

நான் சொல்கிற வருஷம் மழை விடாமல் கொட்டியது. பள்ளிக்கூடத்துக்கு மேலே மண் சரிந்து, ஓடையிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு போய்விட்டது. குடிக்கிற தண்ணீரையே கீழே இருக்கிற லயத்து வீடுகளிலிருந்து கேனில் சுமந்து வரவேண்டியிருந்தது. பள்ளிக்கூட அதிபர் எங்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தார். பென்ஷனுக்கு இரண்டு வருஷம் இருந்த மனுஷர், குரலை உயர்த்தியே பேசமாட்டார்.

"சோறு சமைக்க வழியில்ல. அரிசி கழுவணும், தட்டுக் கழுவணும், கை கழுவணும். அவ்வளவு தண்ணிக்கு எங்க போறது? பேசாம பிஸ்கட் பக்கெட் குடுத்து அனுப்பிடுவோமா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டியிருக்கலாம். கடவுள் எனக்குத் தலை ஒன்றைக் கொடுத்திருப்பதே அதற்குத்தான். ஆனால் அந்தக் காலத்தில் எனக்கு ஒரு பழக்கம் பிடித்திருந்தது. பரீட்சைத் தாள் திருத்துகிற சாக்கில் உட்கார்ந்து, போனில் சமையல் வீடியோ பார்ப்பேன். எங்கேயோ குளிர்நாட்டில், வெள்ளை வெளேரென்ற குசினியில், ஒரு பெண்மணி சின்னச் சின்னதாக எதையாவது வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, பல்லுக்குச்சியால் குத்தி, தட்டில் அடுக்குவார். விருந்தாளிகள் கையில் கிளாஸோடு நின்றபடியே இரண்டு விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். ஒருத்தர் சட்டையிலும் ஒரு சொட்டு விழாது. எல்லாமே ஐந்து நிமிஷ வேலை.

"சேர், ஃபிங்கர் ஃபூட் போடலாம்," என்றேன்.

"என்னது டீச்சர்?"

"விரல்ல எடுத்து ஒரே வாயில சாப்பிடுறது. இப்ப பார்ட்டியில எல்லாம் இதுதான். தட்டு வேணாம், கரண்டி வேணாம். கை கழுவக்கூடத் தேவையில்ல."

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விரல்ல எடுத்துச் சாப்பிடுறதா? நாம இவ்வளவு நாளும் எதால டீச்சர் சாப்பிட்டோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால் எனக்கு ரோஷம் இன்னும் கூடிப்போனது. "யாரும் ஒண்ணும் செய்ய வேணாம் சேர். எல்லாத்தையும் நானே செஞ்சு கொண்டாரேன்," என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் எண்பது பேர், அம்மாமார் நாற்பது பேர். பெருக்கிப் பார்க்கிற அறிவு எனக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் வந்தது.

என் வீட்டுக்காரர் பதுளைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். விஷயத்தைக் கேட்டதும், "பேக்கரியில ரோல்ஸும் கட்லட்டும் சொல்லிடலாமே," என்றார்.

"ரோல்ஸ் எல்லாரும் குடுக்கிறது. இது வேற."

"வேறன்னா?"

விழா வெள்ளிக்கிழமை. அதனால் முட்டை, இறைச்சி, மீன் எதுவும் கூடாது. அந்த வீடியோப் பெண்மணியின் பட்டியலிலிருந்து இவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மூன்றே மூன்று. வெள்ளரிக்காயை வட்டமாக வெட்டி, மேலே பட்டர் தடவி, கேரட் துருவல் வைப்பது ஒன்று. பாண் ரொட்டியை வட்டமாக வெட்டி, புதினாச் சட்னி பூசி, மேலே அவித்த உருளைக்கிழங்கு வைப்பது இன்னொன்று. அன்னாசித் துண்டையும் சீஸ் துண்டையும் ஒரு குச்சியில் குத்துவது மூன்றாவது. ஒவ்வொன்றிலும் ஒன்று செய்து இவர் முன்னால் வைத்தேன். மூன்றையும் ஒரே மூச்சில் வாயில் போட்டு விழுங்கிவிட்டு, தட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது சாப்பாடா, சாம்பிளா? கடையில துணிய இத்தினூண்டு வெட்டிக் காட்டுவோம், அது மாதிரியில்ல இருக்கு?"

"இதெல்லாம் பசிக்குச் சாப்பிடுறது இல்லைங்க."

"அப்ப எதுக்குச் சாப்பிடுறது?"

 வெங்காயம் உரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு வேலையைத் தொடங்கினேன். ஆளுக்கு மூன்று வீதம் முந்நூற்று அறுபது துண்டு. பாணை வட்டமாக வெட்ட நம்மிடம் என்ன அச்சா இருக்கிறது? எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து அமுக்கி அமுக்கி வெட்டினேன். நூறாவது வட்டத்தில் உள்ளங்கை சிவந்து, டம்ளரின் விளிம்பு வட்டமாகப் பதிந்துவிட்டது. வெட்டிய மிச்சம் மலைபோலக் குவிந்தது. அடுத்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் காலையிலும் மாலையிலும் பாண் உப்புமா. இவர் டீவிக்கு முன்னால் உட்கார்ந்து, செய்தி பார்த்துக்கொண்டே அன்னாசி குத்தினார். குத்தினதில் பத்துக்கு ஒன்று அவர் வாய்க்குள் போனதை நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். ஐந்து நிமிஷ வேலை முடிந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை மூன்று பெரிய தட்டுகளை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி பஸ்ஸில் ஏறினேன். ஒன்று மடியில், ஒன்று பக்கத்து சீட்டில், மூன்றாவது பின் சீட்டில் இருந்த ஒரு அம்மாவின் மடியில். அந்த அம்மா வழி நெடுகத் தட்டைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில், "எந்தக் கோயில்ல டீச்சர் பூஜை?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்து விருந்து என்றேன். "அப்படிங்களா," என்று சொல்லி, தட்டை இன்னும் மரியாதையாகப் பிடித்துக்கொண்டார். அவர் நம்பவில்லை என்று தெரிந்தது.

நம்ம ரோட்டு வளைவுகளைப் பற்றி ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. தெமோதரையில் இறங்கி, தட்டுகளோடு ஏற்றம் ஏற முடியாதென்று ஆட்டோ பிடித்தேன். தோட்டத்து ரோட்டில் ஆட்டோ என்றால் மாவு சலிக்கிற மாதிரிதான். பள்ளிக்கூடத்தில் தட்டுகளைத் திறந்து பார்த்தேன். வெள்ளரிக்காய் எல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கி, ஒன்றின் பட்டர் இன்னொன்றின் முதுகில் ஒட்டிக் கிடந்தது. பாண் சட்னியைக் குடித்து, பாசி பிடித்த ஸ்பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. அன்னாசிக் குச்சிகள் மட்டும் தப்பியிருந்தன. ஒரு வகுப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கினேன். வெளியே பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். பாலன் பிறந்தார், இடையர்கள் வந்தார்கள், ஆட்டுக்குட்டி வேஷம் போட்டவன் அழுதான் என்று பிறகு சொன்னார்கள். நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

முதலில் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். மூன்று வகையிலும் குச்சி உள்ளதைத்தான் எல்லோரும் எடுத்தார்கள். அன்னாசி ஒரு நொடியில் உள்ளே போனது. சீஸை முகர்ந்து பார்த்துப் பக்கத்தில் இருந்தவனுக்குக் கொடுத்தார்கள், அவன் அதற்கடுத்தவனுக்குக் கொடுத்தான். குச்சி மட்டும் கையிலேயே இருந்தது. இரண்டு நிமிஷத்தில் ஐந்தாம் வகுப்புக்கும் நான்காம் வகுப்புக்கும் வாள் சண்டை ஆரம்பித்துவிட்டது. பஞ்சுத் தாடிக்காரரை மூன்று பேர் சுற்றிவளைத்துக் குத்தினார்கள். குரலே உயர்த்தாத அதிபர் மேசைமேல் அடித்து, "எல்லாரும் குச்சிய இங்க போடுங்க!" என்று கத்தினார். ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போய் எண்பது குச்சியையும் பறிமுதல் செய்தார்.

அமளி அடங்கியதும் முதல் வகுப்புப் பிள்ளை ஒன்று என் சேலையை இழுத்தது. "டீச்சர், சோறு எப்ப?"

"இதுதான் இன்னைக்குச் சாப்பாடு கண்ணு."

அது என் முகத்தைப் பார்த்தது. தட்டைப் பார்த்தது. பிறகு பக்கத்துப் பிள்ளையிடம் போய், "சோறு பொறகு தருவாங்களாம்," என்று சொன்னது.

அதற்குள் அம்மாமார் வந்துவிட்டார்கள். பகல் பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு, கூடையை ரோட்டோரத்தில் வைத்து, நேரே மலையிலிருந்து வந்திருந்தார்கள். சேலை முழங்கால் வரைக்கும் ஈரம். மண்டபத்தின் பின் சுவரோரமாக நின்றார்கள். நான் வீடியோவில் பார்த்த மாதிரியே தட்டை ஒரு கையில் ஏந்தி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, சிரித்துக்கொண்டே போனேன். இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிற சிரிப்பு அது.

"எடுங்கக்கா."

"இருக்கட்டும் டீச்சர், பிள்ளைகளுக்குக் குடுங்க," என்றார் முதலில் நின்றவர்.

அடுத்தவர், "வயிறு சரியில்லைங்க," என்றார்.

"இப்பதான் சாப்பிட்டு வந்தேன் டீச்சர்."

"நான் வெள்ளிக்கிழமை விரதமுங்க."

பத்துப் பேர் தாண்டியும் தட்டில் ஒன்று குறையவில்லை. எனக்குக் கோபம் வந்தது. நேற்று ராத்திரி வரைக்கும் உள்ளங்கை தேய வெட்டியிருக்கிறேன், ஒன்றை எடுத்து வாயில் போட்டால் குறைந்தா போய்விடுவார்கள்? என் வெள்ளரிக்காய்க்கு என்ன குறைச்சல்? இப்படி மனசுக்குள் சண்டை போட்டபடி பதினோராவது ஆளிடம் போனபோதுதான் கவனித்தேன். அவர் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரின் கை சேலைக்குள் இருந்தது. சுவரோரம் நின்ற நாற்பது பேரில் ஒருவர் கையும் வெளியே தெரியவில்லை.

காலையிலிருந்து ஈரக் கொழுந்து பறித்த கை. விரல் நுனியெல்லாம் கறை ஏறிக் கறுத்து, நகத்தோரம் சேறு படிந்திருக்கும். மற்ற வருஷங்களில் வந்தவுடன் குழாயடிக்குப் போய், ஒரு சவுக்காரக் கட்டி கரைகிற வரைக்கும் கழுவிவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார்கள். இந்த வருஷம் குழாய் இல்லை. கை கழுவத் தேவையே இல்லாத சாப்பாட்டை நான் கண்டுபிடித்து, அதை இரண்டு விரலால் எடுக்கச் சொல்லி அவர்கள் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தேன்.

இதைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் எனக்கு வாயில்லை. என் அம்மா அப்புத்தளைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். நான் ஏழாம் வகுப்பில் பரிசு வாங்கின அன்றைக்கும் மலையிலிருந்து நேரேதான் வந்தார். அங்கே தின்னக் கொடுத்த பெட்டிஸைத் தொடவே இல்லை. முந்தானையால் பிடித்து வாங்கி, முடிந்து வைத்து, திரும்பி வருகிற வழியில் எனக்குக் கொடுத்தார். அம்மாவுக்குப் பெட்டிஸ் பிடிக்காது என்று அன்றைக்கு நானாக முடிவு செய்தேன். பிறகு டீச்சராகி, கல்யாணமாகி, வீட்டுக்கு எது வாங்கினாலும் பெட்டிஸ் மட்டும் அம்மாவுக்கு வாங்கமாட்டேன். அதைப் பெரிய அக்கறை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சுவரோரம் தட்டோடு நின்றபோதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. அம்மா போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது.

 தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாலும் தப்பு, நீட்டிக்கொண்டே நின்றாலும் தப்பு. என்னைக் காப்பாற்றியது ஒரு அம்மா. மூன்று பிள்ளைகளை எங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பவர். தவணைக்கு ஒரு தடவை வந்து, இந்தக் கேள்விக்கு ஏன் புள்ளி வெட்டினீங்க என்று என்னோடு சண்டை போடுகிறவர்.

"என்னா டீச்சர், இப்பிடியே புடிச்சுக்கிட்டு நின்னா ஈதான் திங்கும். கையெல்லாம் அழுக்கு. நீங்களே வாயில போடுங்க," என்று சொல்லி, கண்ணை மூடி வாயைத் திறந்தார்.

ஒரு அன்னாசிக் குச்சியை எடுத்து அவர் வாயில் வைத்து உருவினேன். மண்டபமே அவர் மெல்லுவதைப் பார்த்தது.

"அன்னாசி சரி," என்றார். "இந்த வெள்ளையா இருக்கிறது என்னா, சவுக்காரமா?"

"சீஸ்."

"ம். இன்னொண்ணு போடுங்க. சவுக்காரம் இல்லாம."

முதலில் சிரித்தது அதிபர்தான். பிறகு சுவரோரம் முழுக்கச் சிரித்தது. அடுத்தவரும் வாயைத் திறந்தார், அதற்கடுத்தவரும். வயிறு சரியில்லாதவருக்குச் சரியாகிவிட்டது. விரதக்காரர், "மரக்கறிதானே டீச்சர்?" என்று கேட்டுவிட்டு வாயைக் காட்டினார். போலியோ சொட்டு மருந்து கொடுக்கிற நாள் மாதிரி வரிசை நகர்ந்தது. பிள்ளைகள் எழுந்து நின்று தங்கள் அம்மாவின் முறை வரும்போது கைதட்டினார்கள்.

அன்னாசி தீர்ந்ததும் குச்சியும் தீர்ந்தது. வெள்ளரிக்காயை வெறும் விரலால் எடுத்துத்தான் ஊட்டினேன். வெற்றிலை போடுகிற ஒரு அக்காவுக்கு முன்பல் இரண்டுதான். இரண்டையும் என் ஆள்காட்டி விரலில் நன்றாகப் பதித்துவிட்டார். நான் "ஆ!" என்று கத்த, அவர் பதறிப்போனார்.

"ஐயோ டீச்சர்! எது வெள்ளரிக்கா, எது வெரலுன்னு தெரியலையே!"

"டீச்சர் அன்னைக்கே சொன்னாங்கல்ல," என்றார் அதிபர், "விரல் சாப்பாடுன்னு."

சிரிப்பு ஒருபக்கம் இருக்க, பசி பசியாகவே இருந்தது. இரண்டு மணிக்கு எண்பது பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பச்சைப் பாணைப் பெரியவர்களே ஒருவரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அதிபர் ஒரு ஆட்டோவைக் கீழே அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பெட்டி கிம்புலா பணிஸ் வந்து இறங்கியது. மேலே சீனி தூவின, முதலை மாதிரி நீட்டமான பணிஸ். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

அதிபர் அலமாரியிலிருந்து ஒரு புதுக் கொப்பியை எடுத்து, தாள் தாளாகக் கிழித்தார். ஒவ்வொரு அம்மாவுக்கும் ஒரு தாள். அதில் பணிஸை வைத்துச் சுற்றிக் கொடுத்தார். அவர்கள் தாளைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே, பேசிச் சிரித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருத்தர் சேலையிலும் ஒரு துகள் விழவில்லை.

ஒரு தாள். அவ்வளவுதான். முந்நூற்று அறுபது துண்டு வெட்டின எனக்கு ஒரு தாள் தோன்றவில்லை.

பக்கத்தில் போய் நானும் தாள் கிழித்துக் கொடுத்தேன். அதிபர் நிமிராமலே, "எங்க வீட்டில அம்மா மலைக்குப் போனவங்க டீச்சர். அதுதான் எனக்குத் தோணுச்சு," என்றார். நான் செய்ததை மூடி மறைக்கத்தான் அப்படிச் சொன்னார் என்று தெரியும்.

"எங்க வீட்டிலயும்தான் சேர்," என்றேன்.

அவர் கிழிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் கிழிக்க ஆரம்பித்தார்.

மிஞ்சின பாண் வட்டங்களைப் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் கொட்டினோம். காக்கைகள்கூட மேலே இருந்த உருளைக்கிழங்கை மட்டும் பொறுக்கிவிட்டுப் போயின. வெறும் தட்டோடு வீட்டுக்கு வந்ததும் இவர், "எல்லாம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். ஒண்ணும் மிச்சமில்லை என்றேன். அது பொய்யில்லை. விரலில் ஏன் துணி சுற்றியிருக்கிறாய் என்று கேட்டதற்குக் கத்தி பட்டுவிட்டது என்றேன். அது பொய்.

அடுத்த வருஷம் குழாய் சரியாகிவிட்டது. ஒளிவிழாக் கூட்டத்தில் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்ததும் நான் கையை இலேசாகத் தூக்கினேன். "டீச்சர், நீங்க பாட்ட மட்டும் பாத்துக்குங்க," என்று அதிபர் அவசரமாகச் சொன்னார். உண்மையில் மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லத்தான் நான் கையைத் தூக்கினேன்.

ஒன்றுதான் என்னை விட்டுப் போகவில்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தோட்டத்தில் எனக்குப் பெயர் குச்சி டீச்சர். லயத்தில் யாரைக் கேட்டாலும், "ஓ, குச்சி டீச்சர் வகுப்பா?" என்பார்கள். போன தவணை புதிதாக ஒரு டீச்சர் வந்தார். பயிற்சி முடித்த கையோடு வந்த பிள்ளை, எதையும் சட்டப்படி செய்கிறவர். வந்த இரண்டாவது வாரம், இடைவேளையில், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மிஸ். பிள்ளைகள் எல்லாம் உங்களக் குச்சி டீச்சர்னு சொல்றாங்க. இப்ப பிள்ளைகள அடிக்கவே கூடாது மிஸ். கம்ப கையில வெச்சிருக்கிறதே பிரச்சினை."

வெள்ளரிக்காயிலிருந்து ஆரம்பித்து அவருக்கு எல்லாவற்றையும் சொல்லலாமா என்று யோசித்தேன். டம்ளர், பஸ், சீஸ், முன்பல் இரண்டு. இடைவேளை முடிய மூன்று நிமிஷம்தான் இருந்தது.

"சரிம்மா," என்றேன். "இனிமே அடிக்கல."